உத்திரமேரூரோடு நின்றுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி அரைப்பக்கத்துக்கு வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். தேர்தல் வந்தாலும் சுதந்திர தினம் வந்தாலும் இப்படி ஒரு கட்டுரை ஏதாவது ஒரு பத்திரிகையில் வந்துவிடுகிறது, சோழர் காலத்தில் ஓலை குலுக்கி ஊர்ச் சபைக் குழுக்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறையின் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதே வேலையில் 14 வருஷமாக இருக்கிறவள் என்ற முறையில் மனதில் ஒரு ஆதங்கம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் சோழர் காலத்துச் சட்ட நடைமுறைகளைக் கல்வெட்டுகளை வைத்து ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். இப்போது ஒரு கலைக் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளர், வருஷத்தில் 11 மாதச் சம்பளம்.

உங்கள் கட்டுரையில் வயது வரம்பு, நிலம், வீடு என்று போட்டியிடுகிறவரின் தகுதிகள் எல்லாம் சரியாக வந்திருந்தன. விட்டுப்போனது ஒன்று உண்டு. அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு. முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், சபை ஒரு ஏற்பாடு செய்கிறது. இரண்டே வருஷம் கழித்து 921-இல் மறுபடி கூடி அதைத் திருத்துகிறது. முதலில் 30 முதல் 60 வயது என்று இருந்தது, பிறகு 35 முதல் 70 ஆகிறது. ஏன் மாற்றினார்கள், இடையில் என்ன தகராறு வந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை, ஆனால் போட்ட விதி நடைமுறையில் எங்கேயோ உதைத்திருக்கிறது, உட்கார்ந்து பேசிச் சரி செய்திருக்கிறார்கள். சட்டம் படிக்கிற ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்? 1,100 வருஷத்துக்கு முந்தைய மூலச் சட்டமும் அதன் திருத்தமும் ஒரே கோயில் சுவரில் இருக்கின்றன, சென்னையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிட்டு வரலாம்.

அப்புறம் அந்த ஓலை எடுக்கிற முறை. குடும்பு (இன்றைய வார்டு மாதிரி) வாரியாகப் பெயர் எழுதிக் கட்டிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, அந்தக் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்: ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியை முதன்முதலில் படித்த அன்று எனக்கு அந்த மண்டபமே கண்முன் வந்து நின்றது. யாரோ ஒருவன் எப்போதோ விரலிடுக்கில் ஒளித்திருக்கிறான், அதனால்தான் அந்த விதி வந்திருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன்.

சரி, இது மக்களாட்சியா? அந்த வார்த்தையை நான் பயன்படுத்த மாட்டேன். அது பிராமணர்களின் சபை. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், வேதத்தின் பகுதிகளான மந்திர பிராமணம் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் உழைத்த பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது, பெண்களுக்கும் கிடையாது. இதைச் சொன்னால் பெருமையைக் குறைப்பதாகச் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தால்தான் அடுத்த கேள்வி பிறக்கும்.

எனக்குப் பிறந்த அடுத்த கேள்வியைச் சொல்கிறேன். உத்திரமேரூரில் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவனோடு தடை நிற்கவில்லை. அவனுடைய சிற்றன்னை, பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், மாமனார், மருமகன் என்று ஒரு பெரிய உறவுப் பட்டியலே குடவோலைக்கு வெளியே நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடிக் கல்வெட்டைப் படியுங்கள். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியவர்களைப் பெயர் சொல்லுகிற கல்வெட்டு, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. 'கொலை செய்தது யார், பின்னால் யார்' என்று எல்லோரும் அதையே கேட்கிறார்கள், யூடியூபில் அதற்கு முடிவே இல்லை. ஆனால் அந்தக் கல்வெட்டு எழுதப்பட்டதே நிலத்துக்காக. கொலைகாரர்களின் சொத்து மட்டுமல்ல, அவர்களோடு பிறந்தவர்கள், பெற்றவர்கள், பெண் கொடுத்த மாமன்மார் வரைக்கும் உறவு முறை சொல்லி அவர்கள் சொத்தைக் கைப்பற்றச் சொல்லி அரசனின் ஓலை சபைக்கு வருகிறது, அப்படிப் பறித்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலுக்கு அறமாக எழுதி வைக்கிறார். ஊர்ச் சபை கணக்கில் தவறினவனுக்கும் ராஜத்துரோகம் செய்தவனுக்கும் தண்டனையின் அளவுதான் வேறு, வலை ஒன்றேதான்: உறவு. ஒருவன் செய்த தப்புக்கு அவனோடு சம்பந்தம் செய்தவனும் பொறுப்பா? எவ்வளவு தூரம் பொறுப்பு? இதுதான் சட்ட வரலாற்றின் கேள்வி. இதற்குப் பதில் தேட வேண்டுமானால் இந்த இரண்டு கல்வெட்டு போதாது, இருநூறு வேண்டும்.

அந்த இருநூறும் இருக்கின்றன என்பதுதான் நான் சொல்ல வந்தது.

திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, சபைக் கூட்டத்தில் எது சொன்னாலும் 'அன்று, அன்று' என்று முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் குத்துக்கால். திருச்சிக்குப் பக்கத்தில் உய்யக்கொண்டான் திருமலையில் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ரதகாரர்கள் என்ற கைவினைச் சாதியினர் என்ன தொழில் செய்யலாம் என்ற கேள்விக்கு ராஜாசிரய சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் ஸ்மிருதிகளைப் புரட்டிப் பார்த்துச் சொன்ன முடிவைப் பதிந்து வைத்திருக்கிறது. சாதிக்கும் தொழிலுக்கும் சட்ட நூலைத் துணைக்கு அழைக்கிற வேலை அன்றைக்கே நடந்திருக்கிறது. படிக்கக் கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் படித்தாக வேண்டியது. தருமசாத்திரங்கள் ஏட்டில் மட்டும்தான் இருந்தனவா ஊரிலும் செல்லுபடியாயினவா என்று உலகம் முழுக்க நடக்கிற விவாதத்தில் நம் சுவரில் இருக்கிற இந்தச் சாட்சிக்குப் பெரிய இடம் உண்டு.

ஒரு கொலை வழக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் ஆய்வு அதிலிருந்துதான் தொடங்கியது. ஒரு சின்னக் கிராமத்துச் சிவன் கோயில். பழைய குறிப்பு ஒன்றில் அந்தச் சுவரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது, விளக்குக்கு ஆடு கொடுத்தது பற்றிய கல்வெட்டு என்று. அப்படிப்பட்ட வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் மைப்படி எடுக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம் அது, என்னோடு வந்த பெரியவர்தான் அங்கேயே எடுத்துப் பழகலாம் என்றார். சுவரைத் தேங்காய் நார் பிரஷால் தேய்த்துக் கழுவி, தாளை நனைத்து ஒட்டி, குருவி கொத்துகிற மாதிரி பிரஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக் குழிக்குள் இறக்க வேண்டும். "அம்மா, காத்து அடிச்சா தாள் உரிஞ்சுடும், அந்தக் கதவைச் சாத்துங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பாதி காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றினால் தாள் கறுக்கும், எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். அன்றைக்கு நாலாவது வரியில் அப்படி வெள்ளையாக வந்த ஒரு சொல், 'பட்டமையில்'. பட்டான் என்றால் செத்தான், நடுகற்களில் பார்க்கலாம். விளக்குக் கொடையில் செத்தவன் எங்கிருந்து வந்தான்? முழுக்கப் படித்தபோது தெரிந்தது, வேட்டைக்குப் போன ஒருவன் விட்ட அம்பு குறி தவறி இன்னொருவன் மேல் பாய்ந்துவிட்டது, வட்டாரச் சபையான நாட்டார் கூடி விசாரித்து, கொன்றவன் கோயிலில் ஒரு நுந்தா (அணையா) விளக்கு வைக்க வேண்டும் என்று முடிவு சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மாதிரித் தீர்ப்புகள் தமிழ்நாட்டில் நிறையவே உண்டு, கல்வெட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. சில இடங்களில், செத்தவனுக்காக இவனும் சாகவேண்டாம் என்று வெளிப்படையாகவே முடிவு செய்கிறார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, இல்லையென்றால் 16 எருமை என்று ஒரு கணக்கே இருந்தது, அதற்கு நாள் தவறாமல் ஒரு உழக்கு நெய். ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகத்தான் செய்யும், கிழடு தட்டத்தான் செய்யும், ஆனால் ஏற்றுக்கொண்ட இடையன் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது. இன்றைய வக்கீலிடம் முதல் கரையாத டிரஸ்ட் என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார். நான் இதை ஒரு சட்டக் கல்லூரி மாணவர் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள், "செத்தவனோட பொண்டாட்டி பிள்ளைக்கு என்ன கிடைச்சுது மேடம்?" என்று. நான் படித்த அளவில் பெரும்பாலும் கோயிலுக்குத்தான் போகிறது, குடும்பத்தைப் பற்றிக் கல் பேசுவதில்லை. அந்தக் கேள்வியை வரலாற்றுத் துறையில் என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. சட்டம் படித்தவள்தான் கேட்டாள்.

இங்கேதான் வருத்தம். இந்த ஆய்வு இரண்டு துறைக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது. நான் ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டு வரலாற்றுத் துறைக்குப் போனபோது 'இது சட்டமாச்சே' என்றார்கள், சட்டத்துறைக்குப் போனபோது 'இது கல்வெட்டாச்சே' என்றார்கள். ஒரு வருஷம் இப்படியே போனது. கடைசியில் அரசியல் வரலாறு என்று தலைப்பை மாற்றித்தான் பதிவு செய்ய முடிந்தது. வாய்மொழித் தேர்வில்கூடப் பாதி நேரம் எந்த அரசன் எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான் என்பதிலேயே போய்விட்டது. சட்டப் படிப்பில் இந்தியச் சட்ட வரலாறு என்று ஒரு தாள் இருக்கிறது, நான் பார்த்த பாடத்திட்டங்களில் மனு, யாக்ஞவல்கியர் என்று இரண்டு பக்கம் ஓட்டிவிட்டு நேராக 1726-ஆம் வருஷத்து மேயர் கோர்ட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அப்புறம் ஆங்கிலேயர் காலத்துச் சுப்ரீம் கோர்ட், 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம். நடுவில் ஆயிரம் வருஷம் இந்த மண்ணில் யாரும் வழக்காடவே இல்லையா?

சேக்கிழாரைத் தமிழ் வகுப்பில் படிக்கிறோம். திருவெண்ணெய்நல்லூரில் கிழவர் வந்து சுந்தரரை 'நீ எனக்கு அடிமை' என்று வழக்குப் போட, சபையார் கேட்கிறது என்ன? ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். அனுபவ பாத்தியம், பத்திரம், சாட்சி. யாக்ஞவல்கிய ஸ்மிருதி சொல்லுகிற லிகிதம், புக்தி, சாட்சி மூன்றும் அப்படியே இவைதான். சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை, மூல ஓலை கிழவர் கையில் பத்திரமாக இருக்கிறது. பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பில் இருந்த வேறொரு ஓலையை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பக்தி இலக்கியம் என்று சொல்லிப் பரீட்சைக்குப் பத்து வரி எழுதிவிட்டுப் போகிறோமே, 12-ஆம் நூற்றாண்டில் ஒரு சபை சாட்சியத்தை எப்படி எடைபோடும் என்பது அங்கே அப்படியே இருக்கிறது, ஒரு சட்ட ஆசிரியரும் ஒரு தமிழாசிரியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒரு வருஷம் பாடம் நடத்தலாம்.

படிக்க ஆள் இல்லை என்பது இன்னொரு பிரச்சினை. கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி நிற்கும், நடுநடுவே கிரந்தம், நில அளவு வந்தால் மா, காணி, முந்திரி என்று குறியீடுகள். தடுமாறாமல் படிக்க இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். என்னிடம் வந்து கிரந்தம் வரை அருமையாகப் படிக்கக் கற்ற ஒரு பையன் இப்போது ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலைக்குப் போகிறான், வீட்டில் இரண்டு தங்கைகள், அவனை நான் என்ன சொல்லி நிறுத்துவது? இந்தப் பக்கம் பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை போட்டுத் தருகிற இதழ்கள் பெருகிவிட்டன, வேலைக்கும் பதவி உயர்வுக்கும் போடுகிற புள்ளிக் கணக்குக்கு அது போதும். ஒரு கல்வெட்டை வெயிலில் நின்று வாசித்து ஒரு வாசிப்பைத் திருத்துவதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து தொல்லியல் கழகம் 'ஆவணம்' இதழைக் கொண்டுவந்துகொண்டிருப்பதால்தான் புதிதாகக் கிடைக்கிற கல்வெட்டுகளின் பாடம் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வருகிறது, அந்த உழைப்புக்குக் கும்பிடு போட வேண்டும்.

இங்கிலாந்தில் 1194-இலிருந்து நீதிமன்றச் சுருள்கள் இருக்கின்றன. மெய்ட்லண்ட் என்கிற சட்ட வரலாற்றாசிரியர் முன்நின்று 1887-இல் செல்டன் சொசைட்டியைத் தொடங்கினார், அன்றிலிருந்து அந்தப் பழைய வழக்குகளை ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாகப் பதிப்பித்து வருகிறார்கள். அந்தச் சுருள்களின் படங்களை அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமத்து நிலத் தகராறை நான் கும்பகோணத்தில் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்க்கிறேன். நம் கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் தொடங்கின, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-இல் வந்தது, நாம் பின்தங்கி ஆரம்பிக்கவில்லை. ஆனால் பிந்தைய தொகுதிகளில் மொழிபெயர்ப்பே கிடையாது, மைப்படி எடுத்தும் அச்சேறாமல் கிடப்பவை ஏராளம். மத்தியத் தொல்லியல் துறை மைசூரில் வைத்திருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. ஒவ்வொரு மைப்படியையும் படமெடுத்து, ஊர் பெயரும் எண்ணும் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துவிட வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த வரலாற்றாசிரியர் கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி என்ற இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து 1978-இல் வெளியிட்டார், அதனால்தான் யாருக்கு எந்தப் பட்டம், யார் நிலம் வைத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்துப் பேச முடிந்தது. தண்டங்களுக்கும் தீர்ப்புகளுக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். அதற்கு மூலம் கண்ணில் பட வேண்டும்.

நேரமும் அதிகமில்லை. என் முதல் கொலை வழக்குக் கல்வெட்டைச் சொன்னேனே, திருப்பணி நடந்த பிறகு மறுபடி போனேன். சுவரை மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்திருந்தார்கள், கல் பளபளவென்று இருந்தது, நாலாவது வரியை விரலால் தடவித்தான் தேடினேன். 'பட்ட' வரைக்கும் விரலுக்குத் தட்டுப்பட்டது. மைப்படித் தாள் என் வீட்டு பீரோவில் இருக்கிறது.

கல்லூரிகளையும் அரசையும் கேட்க வேண்டியதைத் தனியாக எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு கால் பக்கம் கொடுங்கள். ஒரு கல்வெட்டின் படம், அதன் பாடம் முழுசாக, பக்கத்தில் இன்றைய தமிழில் பொருள், அதில் இருக்கிற வழக்கு என்ன, தீர்ப்பு என்ன என்று நாலு வரி. பெருமையும் வேண்டாம், சிறுமையும் வேண்டாம், பாடம் இருந்தால் போதும், படிக்கிறவர்கள் யோசித்துக்கொள்வார்கள். அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் அவள் தோழிகள் இரண்டு பேரும் இப்போது சனிக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வந்து எழுத்துக் கற்றுக்கொள்கிறார்கள், நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வாசித்துச் சரிபார்த்துத் தருகிறோம், பணம் எதுவும் வேண்டாம். முதல் வாரத்துக்கு மானூர்க் கல்வெட்டைத் தயாராக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்